மணிப்புறாச் சங்கத்தில் யாரும் அழுத்தாத பொத்தான்

நான் எழுதிய நிரலில் ஒரு குறையும் இல்லை என்று அந்த மாதத்தில் ஏழு பேரிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அதில் ஒருவர் டீக்கடைக்காரர். பாவம், அவர் சர்க்கரை போதுமா என்றுதான் கேட்டார்.

என் பெயர் தியுர். தோபா ஏரிக்கரையில் பிறந்த பாத்தாக் இனத்துப் பெண். எங்கள் ஊரில் ஒருத்தி பக்கத்து வீட்டில் உப்புக் கடன் கேட்டாலே தெருக்கோடியில் இருப்பவர்கள் சண்டையோ என்று எட்டிப் பார்ப்பார்கள். எங்களுக்கு எதிலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்து ஜாவாவில், அதுவும் சோலோவில், ஆறு வருஷமாக இருக்கிறேன். இந்த ஊரில் கணவன் மனைவி சண்டை போட்டால்கூடப் பக்கத்து அறையில் இருப்பவனுக்குத் தாலாட்டு என்று தோன்றும். அவ்வளவு மெதுவாகப் பேசுகிறவர்கள். இவர்களோடு இருந்தே என் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது.

பாக் ஹந்தோயோவின் கம்பெனியில் எனக்கு வேலை. பாக் என்றால் இங்கே ஐயா. மொத்தம் பதினோரு பேர். கடைகளுக்கும் சங்கங்களுக்கும் விண்டோஸில் ஓடும் சின்னச் சின்ன நிரல்கள் எழுதிக் கொடுப்போம். நான்கு வருஷமாக நான் தற்காலிகம். வருஷாவருஷம் தை மாத வாக்கில் ஒப்பந்தம் முடியும்போது முதலாளி அறைக்குள் போய் நேராகக் கேட்பேன்.

"பாக், இந்த வருஷமாவது என்னை நிரந்தரம் பண்ணுவீங்களா, மாட்டீங்களா?"

அவர் அழகாகச் சிரிப்பார். "பாக்கலாம், தியுர். பாக்கலாம்."

நானும் சந்தோஷமாக வெளியே வந்து ஊருக்குப் போன் போட்டு, "அம்மா, பாக்கறேன்னு சொல்லியிருக்காரு!" என்பேன். நான்கு வருஷம். நான்கு போன். இந்த வருஷம் ஒரு சொல் கூடுதலாகக் கிடைத்தது. "மணிப்புறாப் போட்டி நல்லபடியா முடியட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார். ஆக, என் வேலை, என் எதிர்காலம், என் அம்மாவின் கண்ணீர், எல்லாம் சோலோ நகர மணிப்புறாச் சங்கத்தின் வருடாந்தரப் போட்டியில் வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் போட்டிக்குத்தான் பதிவு நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். புறா வைத்திருப்பவர்கள் போட்டிக்கு முந்தின நாள் வந்து பெயர் கொடுப்பார்கள். எந்தக் கூண்டு எந்தக் கம்பத்தில் ஏறும் என்று நிரல் குலுக்கிப் போட்டுச் சொல்லும். மறுநாள் கூண்டுகளைக் கம்பங்களின் உச்சிக்கு இழுத்து ஏற்றிவிட்டு, நடுவர்கள் கீழே காதைத் தீட்டிக்கொண்டு நடப்பார்கள். எந்தப் புறா நன்றாகக் குனுகுகிறதோ அதன் கம்பத்தடியில் கொடி நடுவார்கள். பெரிய மனிதர்கள் எல்லாம் இதற்காக உயிரை விடுவார்கள். என் நிரலும் அப்படித்தான் உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

பதிவு மண்டபத்தில் நான்கு கணினிகள். விவரம் எல்லாம் ஒரே டேட்டாபேஸ் கோப்பில். காலை ஒன்பது மணிக்கு நான்கும் குதிரை மாதிரி ஓடும். பத்து மணி வாக்கில் ஒவ்வொன்றாக நிற்கும். திரையில் மணற்கடிகாரம் மட்டும் வந்து உட்காரும். பிழைச் செய்தி கிடையாது, சத்தம் கிடையாது. ஏற்கெனவே இரண்டு சின்னப் போட்டிகளில் இப்படி ஆகி, கடைசியில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி முடித்தார்கள்.

போன் வரும். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறப்பேன். நான் போய்ச் சேர்வதற்குள் நான்கு கணினிகளையும் அணைத்து மறுபடி போட்டு, மேஜையைத் துடைத்து, எனக்கு ஒரு தட்டில் லெம்பெரும் இனிப்பு டீயும் வைத்திருப்பார்கள். வாழை இலையில் சுருட்டிய அந்தக் கோழிச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே நான் நிரலை ஓட்டிப் பார்ப்பேன். எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி ஓடும்.

"இப்ப எல்லாம் நல்லா இருக்கு, எம்பா தியுர்," என்பார் பதிவுக்குத் தலைவியான இபு ஹர்யாத்தி. "உங்க கை பட்டதும் சரியாயிடுச்சு."

எம்பா என்றால் அக்கா, இபு என்றால் அம்மா. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு முப்பத்தொன்று. இந்த ஊர் மரியாதை அப்படி. தபால் ஆபீசில் முப்பது வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை என்று சான்றிதழே கொடுத்திருக்கிறார்களாம்.

மூன்று முறை போனேன். கம்பி எல்லாவற்றையும் மாற்றினேன். கோப்பு இருந்த கணினிக்கு மேலேயே சங்கத் தலைவர் கர்னல் புரோத்தோ தன் சாம்பியன் புறாவின் கூண்டைத் தொங்கவிட்டிருந்தார். அதன் குரல் கேட்டால் இயந்திரம் சாந்தமாக இருக்குமாம். கணினியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு பிடி தினை, நான்கு இறகு, இன்னும் சொல்லத் தகாததும் இருந்தது. ஆகா, கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். சுத்தம் செய்து, கூண்டை நகர்த்தச் சொல்லி, வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் குளித்தேன். அடுத்த பதிவில் பத்தே காலுக்கு மறுபடி நின்றது.

அன்றைக்குப் போனிலேயே பிடித்துக்கொண்டேன்.

"இபு, ஒண்ணையும் அணைக்காதீங்க! அப்படியே விடுங்க. திரையில என்ன தெரியுது?"

"எல்லாம் தெளிவாத் தெரியுது, எம்பா."

"ஏதாவது கேள்விப் பெட்டி வந்து நிக்குதா?"

"வந்துச்சு."

"என்ன கேக்குது?"

"மரியாதையாத்தான் கேக்குது."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"வெயில் ஜாஸ்தியா இருக்கு எம்பா, பாத்து வாங்க," என்று போனை வைத்துவிட்டார். போய்ப் பார்த்தால் நான்கும் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தன. லெம்பெர் இரண்டு. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பெரிய போட்டிக்கான பதிவு சனிக்கிழமை. அதிலும் நின்றால் நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிடுவது என்று கர்னல் மிகவும் இனிமையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். யோசித்துப் பார்த்தேன். நான் நிரல்காரியாகப் போனால் எல்லாம் துடைத்து வைத்துவிடுகிறார்கள். விருந்தாளி வருகிறாள் என்று வீட்டைப் பெருக்குகிற மாதிரி பிழையையும் பெருக்கித் தள்ளிவிடுகிறார்கள். அப்படியானால் நான் நிரல்காரியாகப் போகக் கூடாது, புறாக்காரியாகப் போக வேண்டும்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் ஒரு புறா இருந்தது. சின்ன இடி என்று பெயர். வாங்கின நாளிலிருந்து வாயைத் திறந்ததில்லை. அதைக் கூண்டோடு இரவல் வாங்கினேன். அவருடைய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பொத்தான் போட முடியாத பாத்திக் சட்டை, எல்லாம் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள். நல்ல வேஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. இபு ஹர்யாத்தி நிமிர்ந்து பார்த்தார். அவர் உதடு லேசாகத் துடித்தது. உடனே குனிந்து தட்டெழுத்துப் பலகையைப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. உங்களை நான் முன்னப் பின்னே பாத்ததே இல்லையே. பேரு?"

"யூலியானா."

"எந்த ஊரு?"

"கிளாத்தென்!" என்றேன். சோலோவுக்குப் பக்கத்து ஊர். நான் சாதாரணமாகச் சொன்னதுதான். மண்டபத்தில் இருந்த புறாக்கள் எல்லாம் ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டன.

"ஆமா, ஆமா, கிளாத்தென் பேச்சுதான்," என்று அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புறா ரொம்ப அமைதியான சுபாவம் போல. குலுக்கல்ல உங்களுக்குத் தொண்ணூத்து மூணாம் கம்பம் வந்திருக்கு."

தொண்ணூற்று மூன்று கழிப்பறைக்குப் பக்கத்தில். இங்கே எல்லோருக்கும் கண் பதினேழாம் கம்பத்தின் மேல்தான். மாமர நிழல் விழுகிற இடம். வெயில் படாத புறா நன்றாகக் குனுகும் என்பது ஐதீகம்.

"எனக்குத் தொண்ணூத்து மூணு வேணாம். பதினேழு குடுங்க."

குலுக்கலில் விழுந்த கம்பத்தை மாற்றக் கூடாது என்று சங்கத்தில் விதி இருக்கிறது. சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அந்தக் காகிதத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த இபு ஹர்யாத்தி, "ஆமா, ஆமா, பதினேழு நல்ல கம்பம். உங்க மனசு எனக்குப் புரியுது," என்று சொல்லி, நான் பார்க்கும்படியாகவே 17 என்று அடித்தார்.

கம்பம் ஏதாவது ஒடிந்தால் மாற்றுவதற்காக நான் எழுதியிருந்த கேள்விப் பெட்டி திரையின் நடுவில் எழுந்தது. "இந்தப் புறாவை 17ஆம் கம்பத்துக்கு மாற்றப் போகிறீர்கள். உறுதியா?" கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை.

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆம் என்று அழுத்தினால் விதி போச்சு. இல்லை என்று அழுத்தினால் என் கண் முன்னால் என்னை மறுத்த மாதிரி ஆகும். பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சுட்டியை எடுத்துப் பெட்டியின் தலையைப் பிடித்து, தூங்குகிற குழந்தையைக் கட்டிலில் ஓரமாக நகர்த்துவது போல் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே போய், திரையின் வலது கீழ் மூலைக்கு வெளியே தள்ளினார். ஒரு விரற்கடை அகலம் மட்டும் மிஞ்சியது. அந்த இடத்தில் திரையின் சட்டத்தில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகி அதையும் மறைத்தார்.

"டீ குடிக்கிறீங்களா?" என்று எழுந்து, அடுத்தவரைப் பார்த்து, "இந்தக் கம்ப்யூட்டர் கொஞ்சம் ஓய்வெடுக்குது, அந்தப் பக்கம் வந்துடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நின்ற இடத்திலேயே எண்ண ஆரம்பித்தேன். இருபது எண்ணுவதற்குள் பக்கத்துக் கணினியில் மணற்கடிகாரம். முப்பத்தைந்தில் மூன்றாவது. நாற்பதில் நான்காவது.

"அடக் கடவுளே!" என்று கத்திக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி எறிந்தேன். "பதில் சொல்லாமப் போட்டிருக்கீங்க! இத்தனை நாளா அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாமப் போட்டிருக்கீங்க!"

மண்டபம் முழுக்கத் திரும்பியது. ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. நான் தெருவில் திரும்பும்போதே எல்லோருக்கும் நான் யார் என்று தெரிந்திருக்கிறது. சொன்னால் என் மனசு கஷ்டப்படும் என்று ஊரே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

நடந்தது என்ன என்று எனக்கு அப்போது முழுசாகப் புரிந்தது. நான் எழுதிய நிரல் முதலில் டேட்டாபேஸைத் திறந்து, வேறு யாரும் தொடாதபடி பூட்டுப் போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் "உறுதியா?" என்று கேட்கிறது. பதில் வரும்வரை பூட்டு விழுந்தே கிடக்கும். நான் சோதிக்கும்போது பெட்டி வந்த அரை நொடியில் படாரென்று இல்லையை அழுத்துவேன். பாத்தாக்காரிக்கு இல்லை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் எனக்குப் பிழை கண்ணில் படவே இல்லை. இங்கேயோ இல்லை என்ற பொத்தானை ஒரு மனிதரும் தொட்டதில்லை.

அதோடு போனால் பரவாயில்லை. பூட்டிக் கிடந்தால் மற்றக் கணினிகள் "கோப்பு வேறொருவர் கையில் இருக்கிறது" என்று டிங் என்று ஓசையோடு சொல்ல வேண்டும். போன வருஷம் அந்த டிங் கர்னலின் புறாவைப் பயமுறுத்துகிறது என்று ஜாடைமாடையாகச் சொன்னார்கள். நான்தான் எரிச்சலில், பிழை வந்தால் யாரிடமும் மூச்சு விடாதே, பேசாமல் மறுபடி மறுபடி முயற்சி செய் என்று இரண்டு வரி எழுதிச் சேர்த்தேன். என் நிரலும் சோலோக்காரனாகிப் போயிருந்தது. ஏழு பேரிடம் செய்த சத்தியம் நினைவுக்கு வந்து எனக்குக் காது சூடானது.

இபு ஹர்யாத்தி டீயோடு வந்து நின்றார். அவர் முகம் சுண்டிப் போயிருந்தது.

"ஏன் இபு, இல்லைன்னு அழுத்தினா என்ன? அது வெறும் பொத்தான்தானே!"

"நீங்க எதிர்க்கவே நிக்கறீங்களே, எம்பா."

"நின்னா?"

"முகத்துக்கு நேரா எப்படி? அதுவும் இவ்வளவு பெரிய எழுத்துல."

"சரி, ஆள் போனப்புறமாவது அழுத்தலாமே?"

"போனப்புறம் அழுத்தினா முதுகுக்குப் பின்னால பேசற மாதிரி இல்லையா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அப்ப அந்தப் பெட்டியை என்னதான் பண்ணுவீங்க?"

"கொஞ்ச நேரம் கழிச்சு மின்சாரத்தை அணைச்சிடுவோம்," என்றார் அவர். "அது தானாப் போயிடும். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை."

நிரலின் மூல வரிகள் இருந்த வட்டு என் பையில் இருந்தது. அங்கேயே ஒரு கணினியில் உட்கார்ந்தேன். பூட்டுப் போடுவதை எடுத்துக் கேள்விக்குப் பின்னால் வைத்தேன். இனி எத்தனை நாள் பதில் சொல்லாமல் போட்டாலும் மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லை. ஆம் என்றால் மட்டும் கண் சிமிட்டும் நேரம் பூட்டும், எழுதும், திறக்கும். அரை மணி நேர வேலை. ஆனால் பெட்டி திறந்தே கிடந்தால் அந்தக் கணினி மட்டும் அப்படியே நிற்குமே. அதற்குப் பொத்தானையும் மாற்ற வேண்டும்.

"இல்லைக்குப் பதிலா 'வேண்டாம்'னு போடவா?"

இபு ஹர்யாத்தி கெட்டுப்போன மீனை முகர்ந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"'ரத்து'?"

"யாரோ இறந்துட்ட மாதிரி இருக்கு, எம்பா."

"நீங்களே சொல்லித் தொலைங்க. ஆளைப் பாத்து என்ன சொல்லி அனுப்புவீங்க?"

"பாக்கலாம்னு சொல்லுவேன்."

அப்படியே அடித்தேன். ஆம். பிறகு பார்க்கலாம். இரண்டாவது பொத்தான் செய்வது பழைய 'இல்லை' செய்த அதே வேலைதான், ஒரு எழுத்து மாற்றவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே ஒரு புறாக்காரரைக் கூப்பிட்டு, அவர் பதினேழு கேட்க, அவர் கண் முன்னாலேயே டக்கென்று பொத்தானை அழுத்தினார். அந்த மனிதர் திரையைப் படித்துவிட்டுத் தலையாட்டி, நன்றி சொல்லிவிட்டுத் தனக்கு விழுந்த கம்பத்தோடே சமாதானமாகப் போனார்.

எனக்கு மண்டையில் ஏறவில்லை. "இபு, அவரு திரும்பி வந்து எப்பப் பாப்பீங்கன்னு கேட்டா?"

"ஏன் வரப்போறாரு?"

"பாக்கலாம்னு சொல்லியிருக்கீங்களே!"

"அதைச் சொன்னப்பவே அவருக்குப் புரிஞ்சிடுச்சே, எம்பா. முடியாதுன்னு அர்த்தம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே."

நான் லெம்பெரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன எம்பா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

சொன்னேன். தற்காலிக வேலை, நான்கு தை மாதம், நான்கு பாக்கலாம், அம்மாவுக்கு நான்கு போன், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. பாத்தாக்காரி அழுதால் அதுவும் சத்தமாகத்தான் இருக்கும். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்கள்.

"நாலு தடவையா?" என்றார் இபு ஹர்யாத்தி.

"நாலு."

"ஓ." தன் தட்டில் இருந்த லெம்பெரையும் என் தட்டில் வைத்தார். "உங்க முதலாளி ரொம்ப மரியாதை தெரிஞ்சவரு போல."

நான் இன்னும் சத்தமாக அழுதேன். அவர் என் தோளைத் தட்டினார். பிறகு காதோரம் குனிந்து, "நாளைக்கு அவரு போட்டி பாக்க வருவாரா? நிரந்தரக் கடுதாசியை நீங்களே அடிச்சுக் கொண்டு வந்துடுங்க. மத்ததை எங்கிட்ட விடுங்க," என்றார்.

"அவரு கையெழுத்துப் போட மாட்டாரே."

"மாட்டேன்னு அவரால சொல்ல முடியாதே, எம்பா," என்றார் அவர்.

அன்று மாலைவரை நானூற்றுப் பன்னிரண்டு புறாக்கள் பதிவாயின. ஒரு கணினிகூட ஓய்வெடுக்கவில்லை. 'பிறகு பார்க்கலாம்' மட்டும் இருநூறு தடவைக்கு மேல் அழுத்தப்பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாக் ஹந்தோயோ புது பாத்திக் சட்டையில் வந்தார். கம்பங்களில் கூண்டுகள் ஏறின, நடுவர்கள் நடந்தார்கள், கொடிகள் முளைத்தன. இடைவேளையில் கர்னல் புரோத்தோ எங்களைத் தன் மேஜைக்கு அழைத்தார். சங்கத்துப் பெரிய மனிதர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நிரல் நன்றாக ஓடியது என்று கர்னல் எட்டு விதமாகச் சொன்னார். முதலாளி எட்டு விதமாக நாணினார்.

அப்போது இபு ஹர்யாத்தி டீத் தட்டோடு வந்தார். பாக் ஹந்தோயோ முன்னால் நன்றாகக் குனிந்தார்.

"பாக், சங்கத்து சார்பா உங்களுக்கு ரொம்ப ரொம்ப நன்றி."

"எதுக்கு இபு?"

"எம்பா தியுரை நிரந்தரமாக்கிட்டீங்களே, அதுக்குத்தான். கேட்டப்ப எங்களுக்கு ஒரே சந்தோஷம். இந்தக் காலத்துல இப்படி ஒரு முதலாளி யாரு இருக்கா?"

பாக் ஹந்தோயோவின் கையில் இருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. பத்து ஜோடிக் கண்கள் அவரைக் கனிவோடு பார்த்தன. இல்லை என்றால் இபு பொய் சொல்கிறார் என்று ஆகும். தபால் ஆபீஸ் சான்றிதழ் வாங்கியவரை, கர்னலின் மேஜையில் வைத்து, அப்படிச் சொல்லிவிட முடியுமா?

"ஆ... ஆமா," என்றார் அவர். "ஆமா, ஆமா."

"ரொம்ப நல்ல காரியம்," என்றார் கர்னல். "கூண்டுக் கதவைத் திறந்து வச்சா நல்ல புறா பறந்துடும், பாக்."

"ஆமா பாக். சரியாச் சொன்னீங்க."

இபு ஹர்யாத்தி என் பக்கம் சாய்ந்தார். "இது பாதி ஆமாதான்," என்று கிசுகிசுத்தார். "சூடு ஆறறதுக்குள்ள கடுதாசியை எடுங்க."

எடுத்தேன். மடித்த காகிதத்தைப் பிரித்து மேஜையில் அவருக்கு நேராக வைத்தேன். தேதி, பெயர், கீழே ஒரே ஒரு கோடு. பாக் ஹந்தோயோ காகிதத்தைப் பார்த்தார், தன் சட்டைப் பையைத் தடவினார், முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"அடடா, பேனா கொண்டு வரலையே."

உதவி செய்கிற விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள முடியாது. மேஜையைச் சுற்றி ஆறு பேனாக்கள் நீண்டன. நடுவர் ஒருவர் மூடியைக் கழற்றியே கொடுத்தார். பாக் ஹந்தோயோ எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாறாமலே கையெழுத்துப் போட்டார். எனக்கு அவர் மேல் ஒரு கணம் பரிதாபமாகக்கூட இருந்தது. ஒரே கணம்தான். காகிதத்தை மை காயும் முன்னே எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

கூட்டம் மறுபடி கம்பங்களைப் பார்க்கத் திரும்பியது. பாக் ஹந்தோயோ மட்டும் என்னோடு நின்றார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, இதமான குரலில், "சந்தோஷம், தியுர். இனிமே நீங்க நம்ம ஆளு. அதனால இனிமே ஞாயித்துக்கிழமையும் ஆபீசுக்கு வந்துடுவீங்கல்ல?" என்றார்.

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தேன். தோபா ஏரியின் அக்கரைவரை கேட்கும்படி ஒரு மாட்டேன் தொண்டையில் தயாராக இருந்தது. பக்கத்தில் இபு ஹர்யாத்தி கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

காற்றை விட்டேன். அழகாகச் சிரித்தேன்.

"பாக்கலாம், பாக்," என்றேன்.

அவர் சின்னக் குழந்தை இல்லையே. முகம் தொங்கிப் போய், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, புறா பார்க்கப் போய்விட்டார்.